எத்தனை பர்சென்ட் என்று மட்டும் கேட்காதீர்கள்: பிரேசிங்கில் ராடு, ரிங், தகடு, பேஸ்ட்

பிரேசிங் ராடு வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி, பெரும்பாலும் கடைசிக் கேள்வியும், “எத்தனை பர்சென்ட்?” என்பதுதான். ஜீரோ, ரெண்டு, அஞ்சு, பதினஞ்சு, நாப்பத்தஞ்சு என்று வெள்ளியின் அளவைச் சொன்னால் போதும், கட்டிலிருந்து உருவி எடை போட்டுக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளி எவ்வளவு என்பது விலையைச் சொல்லும். உருகும் சூட்டைப் பற்றியும் கொஞ்சம் சொல்லும். அந்த உலோகம் ஜாயிண்டுக்குள் எந்த உருவத்தில் போகப்போகிறது என்பதைச் சொல்லாது. கம்பியாகக் கையால் ஊட்டுவதா, வளையமாக முன்கூட்டியே மாட்டி வைப்பதா, தகடாக நடுவில் செருகுவதா, பேஸ்ட்டாகப் பூசுவதா? லீக் ஆன ஜாயிண்டை நீளவாக்கில் அறுத்துப் பார்த்தால் பல சமயம் கலவை சரியாகவே இருக்கும். அது உள்ளே போன வழிதான் கோளாறாக இருக்கும்.

450 டிகிரி செல்சியஸுக்கு மேல் உருகும் ஒரு உலோகத்தை, இணைக்கும் துண்டுகள் இரண்டும் உருகாமலே அவற்றின் இடுக்கில் ஓடவிடுவது பிரேசிங். 450-க்குக் கீழே உருகினால் அதன் பெயர் சால்டரிங். வெல்டிங் போல மேலே மேலே கொட்டிக் கட்டும் வேலை இல்லை இது. விளக்குத் திரி எண்ணெயை இழுப்பது போல, சூடேறிய இடுக்கு உருகிய உலோகத்தைத் தானே உள்ளே இழுத்துக்கொள்ளும். அதற்கு இடுக்கு குறுகலாக இருக்க வேண்டும். பிளக்ஸ் (சூட்டில் உலோகத்தின் மேல் படியும் ஆக்சைடைக் கரைத்து விலக்கும் மருந்து) போட்டு வெள்ளிக் கலவையில் செய்யும்போது பக்கத்துக்கு 0.05 முதல் 0.13 மி.மீ. வரை. இதைவிடக் குறைந்தால் பிளக்ஸ் வெளியேற வழியின்றி உள்ளே சிக்கிக்கொள்ளும். மிகவும் கூடினால் இழுப்பு அறுந்துபோகும்.

இந்த அளவு குளிர்ந்த நிலையில் எடுத்த அளவு இல்லை, பிரேசிங் சூட்டில் இருக்க வேண்டிய அளவு. 25 மி.மீ. பித்தளை புஷ் (குழல் போன்ற உள்வளையம்) ஒன்றை எஃகுத் துளைக்குள் வைத்து 650 டிகிரி சூடேற்றினால், பித்தளை கூடுதலாக விரிந்து விட்டத்தில் ஏறக்குறைய 0.13 மி.மீ. இடைவெளியைத் தின்றுவிடும். குளிரில் பக்கத்துக்கு 0.06 விட்டுத் துல்லியமாகக் கடைந்திருந்தால் சூட்டில் இடுக்கே இருக்காது. அப்புறம் எந்த ராடு போட்டாலும் வெளியே மோதிரம் போலச் சுற்றி நிற்கும், உள்ளே போகாது.

ஆக, நிரப்பும் உலோகம் எங்கிருந்து கிளம்புகிறது, எப்போது உருகுகிறது, எவ்வளவு வருகிறது என்ற மூன்றும்தான் ஜாயிண்டை முடிவு செய்கின்றன. மூன்றையும் நிர்ணயிப்பது அதன் உருவம்.

ராடு

கையால் ஊட்டுவதற்கான உருவம் ராடு. ஏசி, ஃபிரிட்ஜ் வேலையில் கிட்டத்தட்ட எல்லாமே இதுதான், அதிலும் காப்பர்-பாஸ்பரஸ் ராடு. அமெரிக்க வெல்டிங் சொசைட்டியின் ஏ5.8 தரநிலையில் இவற்றுக்கு பிசியூபி என்று தொடங்கும் எண்கள் உண்டு. ஜீரோ பர்சென்ட் என்று சொல்வது பிசியூபி-2: 7 சதவீதத்துக்குச் சற்று மேல் பாஸ்பரஸ், மீதி செம்பு. 710 டிகிரியில் உருகத் தொடங்கி 793-ல் முழுக்க உருகும். அஞ்சு பர்சென்ட் பிசியூபி-3, 643-ல் தொடங்கி 813-ல் முடியும். பதினஞ்சு பர்சென்ட் பிசியூபி-5, 643-ல் தொடங்கி 802-ல் முடியும். எண்களைக் கவனியுங்கள். அஞ்சு பர்சென்ட் முழுக்க உருக ஜீரோவைவிடக் கூடுதல் சூடு தேவைப்படுகிறது, ஏனென்றால் அதில் பாஸ்பரஸ் 6 சதவீதம்தான். “வெள்ளி கூடினால் சீக்கிரம் உருகும்” என்று சொல்வது பாதி உண்மை. வெள்ளி கூடியவை கஞ்சி போன்ற நிலையில் நெடுநேரம் நிற்கும், அதனால் கொஞ்சம் அகலமான இடுக்கையும் நிரப்பும். ஜீரோ தண்ணீர் போல ஓடும், இறுக்கமான ஃபிட்டிங் கேட்கும்.

செம்போடு செம்பு சேரும்போது பிளக்ஸ் தேவையில்லை. உருகிய பாஸ்பரஸே செம்பின் மேலுள்ள ஆக்சைடிலிருந்து ஆக்சிஜனைப் பிடுங்கிவிடும். பித்தளை வால்வோடு சேரும்போது இந்தச் சலுகை இல்லை, பிளக்ஸ் போட்டே ஆக வேண்டும்.

ஊட்டும் முறையில்தான் ராடின் பலமும் பலவீனமும். முதலில் உள்ளே போகும் பைப்பைச் சூடேற்றுங்கள், பிறகு அதை வாங்கிக்கொள்ளும் சாக்கெட்டை. செம்பு மங்கலான சிவப்புக்கு வந்ததும், சுடருக்கு எதிர்ப்பக்கம் ராடைத் தொடுங்கள். ராடை உருக்க வேண்டியது பைப்பின் சூடு. சுடரில் உருக்கிச் சொட்டவிட்டால், சூடேறாத செம்பின் மேல் அது தொப்பி போட்டது போல உட்காரும். வெளியிலிருந்து பார்க்க அழகான பட்டையாகத் தெரியும், உள்ளே 2 மி.மீ. கூட இறங்கியிருக்காது. ராடு ஓடத் தொடங்கியதும் சுடரைச் சாக்கெட்டின் அடிப்பக்கம் நகர்த்துங்கள். சூடு எங்கே கூடுதலோ அங்கே உலோகம் ஓடிப் போகும்.

எவ்வளவு ராடு வேண்டும்? கணக்குப் போட்டுப் பார்க்கிறவர்கள் குறைவு. அரை இஞ்சு, அதாவது 12.7 மி.மீ. பைப், சாக்கெட் ஆழமும் 12.7, இடைவெளி பக்கத்துக்கு 0.1 என்று வைத்துக்கொள்வோம். சுற்றளவு சுமார் 40 மி.மீ. 40 × 12.7 × 0.1 என்றால் இடுக்கை நிரப்ப 51 கன மி.மீ. வாயில் 1 மி.மீ. ஃபில்லெட்டுக்கு, அதாவது மூலையைச் சுற்றி நிற்கும் சரிவான விளிம்புக்கு, இன்னும் 20. சேதாரம் 15 சதவீதம் சேர்த்தால் 82 கன மி.மீ. 2 மி.மீ. உருண்டை ராடில் இது 26 மி.மீ. நீளம், ஒரு கிராமில் மூன்றில் இரண்டு பங்கு. ஒரு ஜாயிண்டுக்கு 60, 70 மி.மீ. கரைகிறது என்றால் மீதி ஒன்று வெளியே கட்டியாக நிற்கிறது, அல்லது பைப்புக்குள் சொட்டாக விழுந்திருக்கிறது. ஃபிரிட்ஜின் மெல்லிய கேபிலரி ட்யூப் ஜாயிண்டில் இது நேரடியாக அடைப்பு. 0.031 இஞ்சு கேபிலரியின் உள்விட்டம் 0.8 மி.மீ. கூட இல்லை. அதன் நுனியை ஜாயிண்டுக்கு அப்பால் 25 மி.மீ. உள்ளே தள்ளி வைப்பது, உருகியது எட்டாமல் இருக்கத்தான். பைப்புக்குள் 0.02 மெகா பாஸ்கல் அளவில் நைட்ரஜனை மெதுவாக ஓடவிட்டுக்கொண்டே பிரேஸ் செய்தால் உட்சுவரில் கறுப்புச் செதில் படியாது. வேகமாக விட்டால் அதே நைட்ரஜன் உருகிய உலோகத்தில் ஊசித்துளை போட்டுவிடும்.

ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் ஒரு பொறி இருக்கிறது. அதன் ஸ்டப்கள், அதாவது வெளியே நீட்டியிருக்கும் குட்டைப் பைப்புகள், பார்க்கச் செம்பாகத் தெரியும், பலவற்றில் எஃகின் மேல் செம்பு முலாம்தான். ஒரு காந்தத்தை ஒட்டிப் பாருங்கள். ஒட்டினால் பாஸ்பரஸ் ராடை அந்தப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். முலாம் கரைந்ததும் பாஸ்பரஸ் இரும்போடு சேர்ந்து இரும்பு பாஸ்பைடு என்ற மெல்லிய படலமாகும், அது கண்ணாடி போல நொறுங்கும். அன்றைக்கு பிரஷர் டெஸ்டில் தேறிவிடும். கம்ப்ரஸர் அதிர அதிர, சில வாரங்களில் ஜாயிண்டின் ஓரத்தில் முடி போல விரிசல் விழும். அங்கே வேண்டியது 45 பர்சென்ட் வெள்ளி, பிளக்ஸோடு. அந்த ஒரு ஜாயிண்டில் வெள்ளிக்குக் கணக்குப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

பிளக்ஸ் பூசிய ராடைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடலாம். தனி டப்பா, பிரஷ் என்ற தொல்லை இல்லை, கூரை மேல் நின்று செய்யும் வேலைக்கு வசதி. குறைகள் இரண்டு. வளைத்தால் பூச்சு உதிரும், மழைக்காலத்தில் ஈரம் பிடித்துச் சூட்டில் வெடித்துத் தெறிக்கும். இன்னொன்று பெரியது: பிளக்ஸ் ராடில்தான் இருக்கிறது, பைப்பில் இல்லை. எஃகைச் சிவக்கச் சூடேற்றும் வரை அதன் மேல் பாதுகாப்பே கிடையாது, ராடு தொடுவதற்குள் ஆக்சைடு கறுத்து நிற்கும். மெல்லிய பித்தளைக்குச் சரி. கனமான எஃகுக்குப் பூசிய ராடு எடுத்தாலும் தனியாகப் பேஸ்ட் பிளக்ஸ் தடவத்தான் வேண்டும். பூச்சின் நிறத்தை வைத்து வெள்ளியின் அளவைச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும்.

ரிங்

ஒரே ஜாயிண்டை நாள் முழுக்கப் போடும் இடத்தில் ராடு பிடிப்பது வீண் என்பது என் கட்சி. கம்பியை வளையமாக்கி, சூடேற்றும் முன்பே ஜாயிண்டில் மாட்டிவிட வேண்டும். மேலே பார்த்த அதே அரை இஞ்சு பைப்புக்கு 1.6 மி.மீ. கம்பியில் ஒரு சுற்று ரிங் என்றால் நீளம் 45 மி.மீ., கன அளவு 90 கன மி.மீ. நமக்குத் தேவை 82. ரிங்கிலேயே கணக்கு அடங்கிவிட்டது, கைக்குக் கை மாறாது.

45 பர்சென்ட் வெள்ளிக் கம்பியைப் பட்டறையிலேயே வளைக்கலாம். 12 மி.மீ. கம்பியின் மேல் ஸ்பிரிங் போல நெருக்கமாகச் சுற்றி, ஒரு பக்கமாக நீளவாக்கில் அறுத்தால் வரிசையாக ரிங்குகள் விழும். விட்டபின் கொஞ்சம் விரியும், அதனால்தான் 12.7-க்கு 12. காப்பர்-பாஸ்பரஸில் இது எளிதல்ல. பாஸ்பரஸ் கூடக் கூடக் கலவை குச்சி போல ஒடியும். ஜீரோ ராடைக் குளிரில் சுருட்டப் பார்த்தால் கையில் துண்டு துண்டாக வரும், சூடேற்றித்தான் வளைக்க வேண்டும். பாஸ்பரஸ் 5 சதவீதமாகக் குறைந்த பதினஞ்சு பர்சென்ட் ஓரளவு வளையும், மெல்லிய பட்டையாகவும் கிடைக்கும். எந்தக் கலவை எந்த உருவத்தில் விற்கிறது என்பதே பெரும்பாலும் இந்த ஒடிதலைப் பொறுத்ததுதான்.

ரிங் எங்கே உட்கார வேண்டும்? வெளியே வாயில் வைத்தால் மாட்டுவது சுலபம், ஆனால் உருகியது உள்ளே போனதா என்பது தெரியாது. முடிந்தால் சாக்கெட்டுக்குள் ஒரு பள்ளம் கடைந்து, அதில் ரிங்கை வைத்து, பைப்பைச் செருகுங்கள். உள்ளிருந்து கிளம்பிய உலோகம் வாயில் முழுச் சுற்றாகப் பளிச்சென்று தெரிந்தால், வழி முழுக்க ஓடி வந்திருக்கிறது என்று அர்த்தம். அறுத்துப் பார்க்காமலே சோதனை முடிந்தது. ராடில் இந்த வசதி கிடையாது, அதில் கண்ணுக்குத் தெரிவது போட்ட இடம் மட்டும்தான்.

ரிங் போட்ட ஜாயிண்டில் சுடரை ரிங்கின் மேல் காட்டக் கூடாது. சின்னக் கம்பி, நொடியில் உருகிப் பாதரசம் போல உருண்டு கீழே விழும், பைப் இன்னும் 400 டிகிரியில் நிற்கும். கனமான பக்கத்தைச் சூடேற்றி, அந்தச் சூடு ரிங்கைத் தொட்டு உருக்க வேண்டும். தொளதொளவென்று தொங்கும் ரிங்குக்கு அந்தச் சூடு போய்ச் சேராது, அதனால் இரண்டு துண்டுகளையும் தொட்டுக்கொண்டு இறுக்கமாக இருக்கட்டும். பிளக்ஸை முதலில் இரண்டு துண்டுகளிலும், ரிங்கை மாட்டியபின் அதன் மேலும் தடவுங்கள்.

கலவையைத் தேர்வதில் ரிங்குக்குத் தனி விதி உண்டு. 45 வெள்ளி, 30 செம்பு, 25 துத்தநாகம் கொண்ட பிஏஜி-5 (அதே ஏ5.8 தரநிலையில் வெள்ளிக் கலவைகளின் எண்கள் பிஏஜி என்று தொடங்கும்) உருகத் தொடங்குவதற்கும் முடிவதற்கும் இடையே சுமார் 80 டிகிரி. டார்ச்சில் வேகமாகத் தாண்டிவிடுவீர்கள். ஃபர்னஸிலோ பெரிய துண்டிலோ மெதுவாகச் சூடேறினால், முதலில் உருகும் பகுதி மட்டும் இடுக்குக்குள் ஓடிவிடும். செம்பு கூடிய மீதிப் பகுதி உருக மாட்டேன் என்று ரிங் இருந்த இடத்தில் ஓடாக ஒட்டிக்கொண்டு நிற்கும். இன்னும் சூடேற்றினாலும் அது எளிதில் கரையாது. மெதுவான சூட்டுக்கு இடைவெளி குறைந்த கலவை வேண்டும். 56 வெள்ளியும் 5 வெள்ளீயமும் சேர்ந்த பிஏஜி-7 618-ல் தொடங்கி 652-ல் முடிந்துவிடும். 72 வெள்ளி, 28 செம்பு சேர்ந்த பிஏஜி-8 ஒரே சூட்டில், 780-ல், உருகும். துத்தநாகம் இல்லாததால் வேக்கம் ஃபர்னஸுக்கும் அதுதான் ஏற்றது.

கோவையில் தயாராகும் சப்மெர்சிபிள் மோட்டார்களின் செம்பு ரோட்டாரும் இதே கணக்குக்குள் வரும். வரிப்பள்ளங்களுக்குள் செம்புக் கம்பிகள், இரண்டு முனையிலும் அவற்றைச் சேர்க்கும் செம்பு வளையம். 8 மி.மீ. கம்பி 10 மி.மீ. தடிமனான வளையத்துக்குள் 0.1 இடைவெளியில் நுழைகிறது என்றால், ஒரு முனைக்கு 25 கன மி.மீ. உள்ளே இறங்க வேண்டும். மேலிருந்து ராடு காட்டும்போது மேல் முகம் முதலில் சிவக்கும், அடிமுகத்துச் சூட்டை லேமினேஷன் கட்டு (ரோட்டாரின் எஃகுத் தகடுகளின் அடுக்கு) இழுத்துக்கொண்டிருக்கும். உலோகம் மேல் தோலிலேயே நின்றுவிடும். அப்படிப்பட்ட ரோட்டாரில் லோடு ஏறியதும் உறுமல் கேட்கும், ஆம்பியர் முள் ஆடும். வளையம் முழுவதையும் பல முனை பர்னரால் சமமாக ஏற்றி, ராடைத் தொடும் முன் அடிமுகத்தின் நிறத்தையும் பார்த்துவிடுங்கள்.

தகடு

இரண்டு தட்டையான முகங்கள் சேரும் இடத்தில் தகடுதான். லேத் டூலில் கார்பைடு டிப் ஒட்டுவது இதற்கு நல்ல உதாரணம். பக்கத்திலிருந்து ராடு ஊட்டினால் நடுவில் பிளக்ஸ் குட்டை கட்டி நிற்கும், டிப் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். டிப்பின் அளவுக்கு வெட்டிய தகடு எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் உருகும்.

டிப் பெரிதானால் இன்னொரு சிக்கல். டங்ஸ்டன் கார்பைடு எஃகைப்போல பாதி அளவுதான் சுருங்கும். 20 மி.மீ. நீள டிப்பை 680 டிகிரியிலிருந்து ஆறவிட்டால் கீழே உள்ள எஃகு 0.15 மி.மீ. சுருங்கும், கார்பைடு 0.07 தான். மிச்சம் 0.08 மி.மீ. இழுபறி. ஒற்றைத் தகட்டின் மெல்லிய படலத்தால் அதைத் தாங்க முடியாது, கார்பைடு விண்டுபோகும். சில நேரம் ஆறும்போதே டிக் என்று சத்தம் கேட்கும், சில நேரம் கிரைண்டிங் கல்லில் வைத்ததும் தெரியும். இதற்காகவே சாண்ட்விச் தகடு வருகிறது, மூன்றடுக்கு என்றும் சொல்வார்கள். நடுவில் செம்பு, இருபுறமும் வெள்ளிக் கலவை. 1:2:1 விகிதத்தில் 0.4 மி.மீ. தகடு என்றால் வெள்ளி 0.1, செம்பு 0.2, வெள்ளி 0.1. செம்பு உருகாமல் நடுவில் மெத்தை போல நின்று, நெகிழ்ந்து கொடுக்கும். 12 மி.மீ.க்கு மேற்பட்ட டிப்புக்கெல்லாம் இதையே போடுங்கள். வெள்ளி அடுக்கில் 2 சதவீதம் நிக்கல் உள்ள 50 பர்சென்ட் கலவை இருக்கட்டும். நிக்கல் இருந்தால்தான் கார்பைடின் மேல் உலோகம் சரியாகப் பரவிப் பிடிக்கும்.

செய்முறை: ஷாங்கின் (டிப்பைத் தாங்கும் எஃகுத் தண்டின்) இருக்கையையும் டிப்பின் அடியையும் தேய்த்துச் சுத்தம் செய்து, அதன்பின் விரல் படாமல் பிடியுங்கள். இருக்கையில் பிளக்ஸ், அதன் மேல் தகடு, மறுபடி பிளக்ஸ், மேலே டிப். சுடரை ஷாங்கின் அடியிலிருந்து கொடுங்கள், கார்பைடின் மேல் நேராகக் காட்டாதீர்கள். வெள்ளை பிளக்ஸ் முதலில் பொங்கும், அப்புறம் அடங்கும், 600 டிகிரியை நெருங்கும்போது தண்ணீர் போலத் தெளியும். ஓரத்தில் வெள்ளிக் கோடு மின்னியதும் ஒரு கம்பி முனையால் டிப்பை அழுத்தி, முன்னும் பின்னும் இரண்டு மூன்று மி.மீ. ஒருமுறை நகர்த்தி நிறுத்துங்கள். சிக்கிய பிளக்ஸ் வெளியேறிவிடும். அழுத்தத்தில் மிதம் வேண்டும், மொத்த வெள்ளியையும் பிதுக்கித் தள்ளிவிடக் கூடாது. சூட்டில் நெடுநேரம் வைத்தாலும் கெடுதிதான். செம்பு 1085-ல்தான் உருகும் என்றாலும், உருகிய வெள்ளிக் கலவை அதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து மெத்தையைத் தின்றுவிடும். முடிந்ததும் சுண்ணாம்புத் தூளிலோ சாம்பலிலோ புதைத்து மெதுவாக ஆறவிடுங்கள். அவசரத்துக்குத் தண்ணீரில் முக்குகிறவர்கள் டிப்புக்கு இன்னொரு தடவை பணம் கட்டுவார்கள்.

பழைய சரக்கில் கேட்மியம் கலந்த கம்பியும் தகடும் இன்னும் கையில் சிக்கும். பிஏஜி-1-ல் 24 சதவீதம் கேட்மியம். 607-ல் தொடங்கி 618-க்குள் உருகி ஓடும் அதன் சுகத்துக்கு இணை இல்லை என்று பழகியவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் கேட்மியம் 767 டிகிரியில் கொதித்துப் புகையாகும், டார்ச்சுக்கு அது ஒரு சூடே இல்லை. அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ஐரோப்பிய ஒன்றியம் 2011 டிசம்பரிலிருந்து பிரேசிங் கலவைகளில் அதைத் தடை செய்தது. நகைக்கடைப் பலகைகளில் ஒருகாலத்தில் பெருமையாக எழுதியிருந்த கேடிஎம் என்பதும் இந்தக் கேட்மியம்தான். பாக்கெட்டில் கேட்மியம் இல்லை என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், எழுதாத லூஸ் கம்பியை விட்டுவிடுங்கள்.

பேஸ்ட், பொடி

தூளாக்கிய உலோகத்தைப் பிளக்ஸோடும் ஒரு பசையோடும் குழைத்தால் பேஸ்ட். சிரிஞ்சில் அடைத்துக் காற்றழுத்தத்தால் சொட்டுச் சொட்டாக வைக்கலாம். ரிங் மாட்ட முடியாத கோணல் ஜாயிண்டுகளுக்கும், ஃபர்னஸ் பெல்ட்டில் வரிசையாகப் போகும் எஃகுத் துண்டுகளுக்கும் இது பொருந்தும். ஃபர்னஸில் எஃகோடு எஃகு சேர்க்கச் செம்புப் பேஸ்ட், சூடு 1120 டிகிரி வாக்கில், இடுக்கு கிட்டத்தட்ட பூஜ்ஜியம். லேசாகத் தட்டி இறக்கும் ஃபிட் கூடச் சரிதான், உருகிய செம்பு அவ்வளவு நுண்ணிய இடுக்கிலும் நுழையும்.

பேஸ்ட்டில் தப்பு நடப்பது மூன்று இடங்களில். தூளுக்கும் பசைக்கும் நடுவே உள்ள இடம் உருகியதும் மறைந்துவிடும், அதனால் ரிங்கின் கன அளவையே பேஸ்ட்டுக்கும் வைத்தால் ஜாயிண்ட் பட்டினி கிடக்கும். தாராளமாக, ஏறக்குறைய இரண்டு மடங்கு சொட்டு வையுங்கள். இரண்டாவது, பேஸ்ட்டை இரண்டு முகங்களுக்கும் நடுவே பூசுவது. உருகும்போது கன அளவு குறைந்து துண்டுகள் இடம் நகரும், பசை எரிந்த வாயு உள்ளே குமிழாக மாட்டிக்கொள்ளும். வாயில் வைத்து உள்ளே ஓடவிடுவதே நல்லது. மூன்றாவது, டார்ச்சை நேராகப் பேஸ்ட்டின் மேல் காட்டுவது. தூளுக்கு மேற்பரப்பு மிக அதிகம், பசை எரிந்ததும் ஒவ்வொரு துகளும் ஆக்சைடு போர்த்திக்கொள்ளும். பிறகு எவ்வளவு சூடேற்றினாலும் மணல் போலவே நிற்கும், ஓடாது. சிரிஞ்சை நெடுநாள் நிறுத்தி வைத்தால் உலோகம் அடியில் படியும். முதலில் வெறும் பசை வரும், கடைசியில் கெட்டிக் கட்டி வரும். சூட்டில் வைக்காதீர்கள், நாள் கடந்ததைத் தண்ணீர் விட்டுக் குழைத்து மீட்கவும் பார்க்காதீர்கள்.

பொடியாக வைப்பது நம் பொற்கொல்லர்களுக்குப் பழைய சங்கதி. வெங்காரம் தடவி, பொடி வைத்து, ஊதுகுழலால் ஊதிப் பற்றவைப்பது அவர்கள் முறை. இரண்டு பொன் துண்டுகளுக்கு நடுவே இடும் இந்தப் பற்றாசுக்கு ஆசு என்றும் பெயர். வெண்பாவில் தனிச்சொல்லைச் சேர்க்க நடுவே ஓரசை, ஈரசை கூட்டினால் அதை ஆசிடை நேரிசை வெண்பா என்பது இந்த ஒப்புமையால்தான். வெங்காரம் இன்றைய பிளக்ஸ் டப்பாவிலும் உறவுக்காரன், வெள்ளிக் கலவைக்கான பிளக்ஸில் போரேட்டோடு ஃபுளோரைடும் சேர்ந்திருக்கும். ஃபுளோரைடு புகை மூக்கை அரிக்கும், காற்றோட்டம் இல்லாத மூலையில் வேண்டாம்.

நிக்கல் கலவைகள் பொடியாகவே வந்ததற்குக் காரணம் வேறு. உருகுநிலையைக் குறைக்க அவற்றில் போரான், சிலிக்கான், பாஸ்பரஸ் சேர்ப்பார்கள், அவை உலோகத்தைப் பீங்கானாக்கிவிடும். கம்பியாக இழுக்கவும் முடியாது, தகடாக உருட்டவும் முடியாது. உருகியதைச் சுழலும் குளிர்ந்த உருளையின் மேல் பீய்ச்சி, நொடிக்கு ஏறக்குறைய பத்து லட்சம் டிகிரி வேகத்தில் உறையவைத்தால் படிகமாக நேரமின்றி நெகிழும் நாடாவாக வருகிறது. 25 முதல் 50 மைக்ரான் தடிமன், கத்தரிக்கோலால் வெட்டலாம். பிரேஸ் செய்த தட்டு வெப்பமாற்றிகளில் துருப்பிடிக்காத எஃகுத் தட்டுகளுக்கு நடுவே வழக்கமாகப் போடுவது மெல்லிய செம்பு நாடா. அம்மோனியா ஓடும் கருவியில் செம்பு அரித்துப்போகும் என்பதால் அங்கே நிக்கல் வேண்டும்.

அலுமினியம்

காரின் ரேடியேட்டரில் நிரப்பு உலோகம் தனியாக இருப்பதே இல்லை. தகட்டோடு சேர்த்து உருட்டியிருப்பார்கள். 3003 என்ற வகை அலுமினியத்தின் மேல் 4343 அல்லது 4045 என்ற சிலிக்கான் கலந்த தோல், ஒரு பக்கத்துக்கு மொத்தத் தடிமனில் 5 முதல் 10 சதவீதம். 577 டிகிரியில் தோல் உருகத் தொடங்கும், 600 வாக்கில் நைட்ரஜன் ஃபர்னஸுக்குள் ஆயிரம் ஜாயிண்டுகள் ஒரே நேரத்தில் சேர்ந்துவிடும். டார்ச்சோடு போய் அதைப் பழுதுபார்க்கும்போது அந்தத் தோல் மறுபடி உருகிப் பக்கத்து ஜாயிண்டையும் விட்டுவிடும்.

ஏசி கண்டன்ஸரில் அலுமினியமும் செம்பும் சேரும் இடத்துக்கு உள்ளே பிளக்ஸ் வைத்த துத்தநாக-அலுமினியக் கம்பியே வழி. 78 துத்தநாகம், 22 அலுமினியம், 482 டிகிரிக்குள் முழுக்க உருகும். பிளக்ஸ் நடுவில் இருப்பதால் வளைத்தாலும் உதிராது. சுடரைச் செம்பின் பக்கமே வையுங்கள். செம்பும் அலுமினியமும் ஒன்றையொன்று தொட்டபடி 548 டிகிரியைத் தாண்டினால் இரண்டும் கலந்து உருகும், பைப் கண்ணெதிரே ஓட்டையாகும். அலுமினியம் சிவந்து எச்சரிக்காது என்பதால் கம்பியை அடிக்கடி தொட்டுப் பார்ப்பது ஒன்றே தெர்மாமீட்டர். ஆறியபின் ஈரம் புகாதபடி ஸ்லீவ் போட்டுச் சுருக்கிவிடுங்கள். இரண்டு உலோகம் சேர்ந்த இடத்தில் மழைத்தண்ணீர் பட்டால் அலுமினியம்தான் முதலில் அரியும்.

வெள்ளிக் கலவைக்கான பிளக்ஸ் பட்ட எந்த ஜாயிண்டிலும், பூசிய ராடிலும் பேஸ்ட்டிலும் குறிப்பாக, ஆறியபின் ஒரு வேலை பாக்கி. பிளக்ஸ் கண்ணாடி போல உறைந்து ஊசித்துளையை அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் பிரஷர் டெஸ்ட் போட்டால் தேறிவிடும், பிறகு ஈரத்தில் பிளக்ஸ் கரைந்ததும் லீக். உலோகம் உறைந்தபின், இன்னும் சூடு இருக்கும்போதே 60 டிகிரி வெந்நீரில் நனைத்து பிரஷ்ஷால் தேய்த்தால் பாளம் பாளமாகக் கழன்று வரும். கார்பைடு டிப்புக்கு மட்டும் முழுக்க ஆறும் வரை காத்திருங்கள். கழுவிய பிறகுதான் கேஜை மாட்ட வேண்டும்.